முன்வாசல் வழியாகப் போன எஞ்சின்

போன வாரம் தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில், கண்ணாடி துடைக்கிற திரவம் இருந்த புட்டி ஒன்று விழுந்து உடைந்தது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று, மல்லிகையை முகர்வதுபோல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். கடைப்பெண் ஓடிவந்து என்னைப் பிடித்து ஒரு ஓரமாக உட்காரவைத்தாள். "மயக்கமா இருக்காம்மா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மயக்கமெல்லாம் இல்லை. அது அம்மோனியா வாடை. என் இருபத்தாறாவது வயதின் வாடை.

இதை நான் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். அப்போது ஒரு பாசன அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். பொறியாளர் போடுகிற வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மசிப்பேனாவால் அதைப் பிசகாமல் நகலெடுப்பது என் வேலை. வாய்க்கால், மதகு, கலிங்கு, மறுபடி வாய்க்கால். தப்பாக ஒரு கோடு விழுந்தால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். நகலெடுத்த தாளைப் பக்கத்து அறையில் இருந்த இயந்திரத்தில் கொடுத்தால் அம்மோனியா ஆவியில் வெந்து நீலக் கோடுகளாக வெளியே வரும். அந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் வீட்டுக்குப் போய் மீன்குழம்பைக் கூட மோந்து பார்க்க முடியாது. காவிரிப் படுகையின் பாதி வாய்க்கால்கள் என் கையால் வரையப்பட்டவை. அவற்றில் ஒன்றில்கூட நான் காலை நனைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த அறை வாசலில்தான் சவரிமுத்து அண்ணன் முதல்முதலாக வந்து நின்றார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, ரயில்வேயில் ஃபிட்டர். செய்தித்தாளில் சுற்றிய எதையோ குழந்தையைப்போல ஏந்திக்கொண்டிருந்தார். பிரித்தால், களிம்பேறிய ஒரு பித்தளைக் கூம்பு.

"இத அளவெடுத்து வரஞ்சு தர முடியுங்களா? வரைபடம் இல்லாம லேத்துல கடைய மாட்டேங்குறாங்க."

"என்னங்க இது?"

"பாய்லருக்குள்ள தண்ணி தள்ளுற கருவியோட வாய். ரயில் எஞ்சின் பாய்லர்."

எந்த ரயில் என்று கேட்டேன். நீடாமங்கலம் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு அரிசி மில்லின் பின்னால் சின்ன நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது என்றார். மில்லுக்கென்று தனியாகப் போட்ட பாதையில் நெல் வேகன்களை இழுத்துப்போய் ரயிலடியில் விட்டுக்கொண்டிருந்த எஞ்சின். மில் மூடி, மெயின் லைனில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தையும் பிடுங்கிய பிறகு, மில்லின் பாதை மட்டும் அறுநூறு அடி நீளத்துக்கு இரண்டு முனையும் எங்கும் போய்ச் சேராமல் மிஞ்சிக் கிடந்தது. மெயின் லைனைப் பிடுங்கிய கூட்டத்தில் சவரிமுத்து அண்ணனும் ஒருவர். மேலிடத்து உத்தரவு. தன் கையாலேயே அதன் போல்ட்டுகளைக் கழற்றியவர்.

"கழட்டுற வேலையெல்லாம் பாத்தாச்சு. சாவுறதுக்குள்ள ஒண்ண மாட்டிப் பாக்கணும்" என்றார்.

அந்த வார்த்தைக்காக வரைந்து கொடுத்தேன். என் பெருமையை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்: சின்ன உறுப்புகளை இரண்டு மடங்காகப் பெரிதாக்கிக் காட்டும் படங்களை நகலெடுத்த பழக்கதோஷத்தில் அளவை இரட்டிப்பாகக் குறித்துவிட்டேன். கும்பகோணத்து லேத்துக்காரரும் அப்படியே கடைந்து கொடுத்துவிட்டார். எஞ்சினில் மாட்ட முடியாத அந்தப் பித்தளைக் கூம்பு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் ஊதுபத்தி சொருகப் பயன்பட்டது. செய்த தப்பை நேரில் போய்த் திருத்துவதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போனேன். வீட்டில் டைப்பிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்கப்புறம் பல மாதம் டைப்பிங் கிளாஸ் நடந்தது. இன்றுவரை எனக்கு டைப்பிங் தெரியாது.

எஞ்சினைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. புகைபோக்கிக்குள்ளிருந்து ஒரு வேப்பங்கன்று எட்டிப்பார்த்தது. சக்கரங்கள் பாதி மண்ணுக்குள். காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் மூடிக்கொண்டு, இரும்பு எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அடியிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"யாரு வந்துருக்கா? டார்ச்ச இப்படிக் குடுங்க."

அது அனிபா அண்ணன். கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் பதினோரு வருடம் பாய்லர் வெல்டராக இருந்துவிட்டு, போதும் என்று ஊர் வந்தவர். ஆனால் ஊரில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் "எப்பத் திரும்பிப் போறீங்க?" என்றுதான் கேட்பார்களாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே எஞ்சினின் அடுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாகச் சொல்வார். "இதுக்குள்ள யாரும் வந்து கேக்க மாட்டாங்க பாருங்க."

இன்னொருவரும் அங்கே இருந்தார். அஞ்சம்மா அக்கா. அதே மில்லில் பதினாறு வருடம் வேலை செய்தவர். மில் மூடியதும் விறகுக்காகக் கருவேல் வெட்ட உள்ளே வந்துகொண்டிருந்தவர், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான்கு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் எஞ்சினைச் சுற்றியிருந்த முள்ளையெல்லாம் தானாகவே வெட்டி ஒதுக்கினாராம். இவர்கள் இருவரும் நன்றி சொல்லிவிட்டு டீ போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் போவதற்குள் இரண்டு மாதம் டீ போட்டிருந்தார். நானும் அந்த டீயைக் குடித்தேன். அக்காவுக்கு வேறென்ன தெரியும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணாகப் பிறந்தும் தோன்றவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த மில்லுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் பெரிய இரும்புக் கேட், தண்டவாளம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். முதலாளி குடும்பம், வியாபாரிகள், எஞ்சின் எல்லாம் அந்த வழி. நெல் அவிக்கவும் களத்தில் காயவைக்கவும் வருகிற எங்கள் தெருக்களின் ஆட்களுக்கு, மில்லின் பின்புறம் சாம்பல் மேட்டை ஒட்டி ஒரு திறப்பு. எங்கள் தெருக்கள் என்று சொன்னேன். என் அம்மாவும் வலங்கைமான் பக்கம் இன்னொரு மில்லின் பின்வாசல் வழியாகப் போய்வந்தவள்தான். ஆயுதபூஜை அன்று எஞ்சினுக்கு மாலை போடுவார்களாம். அஞ்சம்மா அக்காவும் மற்றவர்களும் களத்தில் நின்று பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது.

"நாங்க அவிச்ச நெல்லத்தான் அது இழுத்துக்கிட்டுப் போச்சு. தொட்டா மட்டும் தீட்டாப் போயிருமாம்" என்றார் ஒருநாள், டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு கார் வந்து நின்றது. மில்லை வாங்கியிருக்கிற புது உடைமையாளர். கூடவே பழைய முதலாளி காலத்து மேனேஜர். கட்டடத்தை இடிக்கப்போவதாகவும், எஞ்சினை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகவும் உடைமையாளர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எங்களைப் பார்த்து அவருக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

"இது ஓடுமாய்யா?"

"ஓடுங்க" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"ஓடுனா நீங்களே வச்சுக்கங்க. அந்தத் தண்டவாளத்தையும் சேத்து வச்சுக்கங்க. மாசி பொறக்குறதுக்குள்ள ஓடலன்னா கேஸ் கட்டர் வந்துரும்."

மேனேஜர் சிரித்தார். அனிபா அண்ணன் அடுப்புக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "இப்பச் சொன்னத எழுதிக் குடுத்துருங்க முதலாளி" என்றார். என் பையில் வரைபடத் தாள் இருந்தது. அதன் பின்பக்கம் நான் எழுத, அவர் காரின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் போட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அரசாங்க மசிப்பேனா, அரசாங்கத் தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு போதாமல் விடுமுறை, மருத்துவ விடுப்பு எல்லாம் போயிற்று. பாய்லருக்குள் இருந்த எண்பது சொச்சம் குழாய்களில் பாதிக்கு மேல் ஓட்டை. ஐப்பசி அடைமழையில் மில் முற்றம் முழங்கால் அளவு தண்ணீரானது. எஞ்சினுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, அதற்குள் நான்கு பேரும் மாடு கன்றுபோல ஒடுங்கிக்கொண்டு வேலை பார்த்தோம். நான் வரைந்தவையெல்லாம் இப்போது சரியான அளவில் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து, அனிபா அண்ணனிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் லேத்துக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என் நகத்துக்கடியில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இரும்புக் கடையில என்னம்மா வேல?" என்று கேட்டார். "இரும்பு வேல சார்" என்றேன். அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை நான். எங்கிருந்தோ வந்தது.

பாய்லரில் நெருப்பு வைக்க வேண்டுமானால் அரசாங்க பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். மார்கழியில் வந்தார். பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைபம்பால் அடித்து அழுத்தத்தை ஏற்றினோம். அழுத்தமானியின் முள் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. உள்ளே எங்கோ சொட்டுச் சொட்டாகச் சத்தம்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல முயற்சிதான். ஆனா இது செத்துப்போன வண்டிங்க. விட்டுருங்க."

சவரிமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். டீ டம்ளர்களோடு வந்த அஞ்சம்மா அக்காதான் பேசினார்.

"உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னு நாங்க கேக்கலிங்க. எங்கெங்க ஒழுவுதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

அந்த மனிதர் கைக்குட்டையைப் பையில் திணித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டார்ச்சை வாங்கி அடுப்புக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது சட்டை முழுக்கக் கரி. சாக்பீஸால் ஏழு இடங்களில் வட்டம் போட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். முள் ஏற வேண்டிய இடம் வரைக்கும் ஏறி, அரைமணி நேரம் அப்படியே நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். "நெருப்பு வையுங்க" என்றார்.

நெருப்பு வைத்த கதையைச் சொல்ல வேண்டும். நிலக்கரி கிடைக்கவில்லை, கடற்கரைப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை கொண்டுவந்திருந்தோம். சவரிமுத்து அண்ணனுக்கு எஞ்சினைக் கழற்றவும் மாட்டவும் தெரியும், கொஞ்சம் ஓட்டவும் தெரியும். அடுப்பைப் பழக்கத் தெரியாது. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் புகைதான் வந்தது. அனிபா அண்ணன் அரபியில் ஏதோ சொன்னார், அது பிரார்த்தனை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நான் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தேன், அதனால் என் கண்தான் எரிந்தது.

"நவுருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அஞ்சம்மா அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். அடைந்திருந்த கட்டைகளில் பாதியை இழுத்துக் கீழே தள்ளினார். மிச்சத்தை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் குழி விட்டார். சாம்பல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"பதினாறு வருசம் அவிக்கிற பாய்லருக்கு உமி போட்டவ நான். உமிய எரிக்கிறவளுக்குக் கட்ட என்ன பெருசு. இத்தன நாளா ஒரு ஆளு என்னயக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் கீழே நின்றோம். ஒரு மணி நேரத்தில் அடுப்பு சீறத் தொடங்கியது. முள் அசைந்தது. அன்றிலிருந்து டீ போட்டது நான்தான். சுமாராகத்தான் இருக்கும். எல்லோரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள்.

தை கடைசியில் ஒரு காலை. உடைமையாளர் வந்திருந்தார், மேனேஜர் வந்திருந்தார். சேதி எப்படியோ பரவி, முன்வாசலுக்கு வெளியே இருநூறு பேருக்குமேல் நின்றார்கள். பெரும்பாலும் பின்வாசல் தெருக்காரர்கள். முந்தின நாளே கேட்டுக்கு அடியில் சேர்ந்திருந்த மண்ணைத் தோண்டிவிட்டிருந்தோம். பூட்டு மட்டும் மேனேஜரிடம்.

அவர் மெதுவாக உடைமையாளர் பக்கம் சாய்ந்து சொன்னார்: "உள்ளயே முன்னப் பின்ன ஓட்டிக் காட்டட்டுங்க, போதும். முன்கேட்டத் தெறந்து இவங்கள விடுறது வழக்கமில்ல."

அது எஞ்சினின் இரைச்சலையும் தாண்டி எங்கள் காதில் விழுந்தது. அஞ்சம்மா அக்கா கையில் கட்டையோடு குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் கரி, நெற்றியில் வியர்வைக் கோடு.

"தண்டவாளம் அந்த வழியாத்தாங்க போவுது. நானும் அந்த வழியாத்தான் போவேன்."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"தெறங்க."

ஒரு சொல்தான். குரலை உயர்த்தக்கூட இல்லை. சவரிமுத்து அண்ணன் விசிலை இழுத்தார். இழுத்தவர் விடவேயில்லை. அந்தச் சத்தத்தில் யார் எந்த வழக்கத்தைச் சொன்னாலும் கேட்டிருக்காது. உடைமையாளர் காதைப் பொத்திக்கொண்டு மேனேஜரிடம் சாவியை வாங்கினார். அவரே போய்த் திறந்தார். கேட் பாதியில் மாட்டிக்கொண்டது. வெளியே நின்றவர்கள் அதைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்ததில் ஒரு கதவு கீலோடு கழன்று வந்துவிட்டது. யாரும் அதைத் திரும்ப மாட்டவில்லை.

எஞ்சின் முதலில் ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. பிறகு பெருமூச்சு விட்டபடி, சக்கரங்கள் முனகிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில் முன்வாசலைத் தாண்டியது. நான் மேலே ஒரு தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். எதற்குக் குடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, யாரோ கொடுத்தார்கள். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று அனிபா அண்ணனிடம் சொன்னேன். அவரும் புகை என்றுதான் சொன்னார். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

நான்கு வருடம் ஓட்டினோம். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, அறுநூறு அடி போக, அறுநூறு அடி வர. ஒரு பழைய வேகனில் பலகை போட்டு ஆட்களை ஏற்றினோம். விடுமுறையில் வந்த வளைகுடாக்காரர்கள், புதுசாகத் திருமணமானவர்கள், நடவுக்குப் போகிற வழியில் சேற்றுக் காலோடு ஏறிய பெண்கள், எல்லோரும் வந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை என்போம். ஏறிக்கொள்வார்கள்.

ஐந்தாவது வருடம் என் மேசைக்கே அந்த வரைபடம் வந்தது. புறவழிச்சாலை. வாய்க்கால்களைக் கடக்கிற இடங்களைக் குறிப்பதற்காக எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சாலை மில் நிலத்தின் மேலேயே போனது. எங்கள் தண்டவாளம் வரைபடத்தில் இல்லவே இல்லை. வெறும் காலி நிலம் என்று காட்டியிருந்தது. காலி நிலத்தில் இருப்பதை அள்ளிப்போட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் நகலெடுத்தேன். எடுக்கும்போது ரயில்பாதைக்கான குறியீட்டை, அறுநூறு அடியையும் அளவு பிசகாமல், அதன் இடத்தில் போட்டேன்.

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது என்னம்மா கோடு?"

"ரயில்பாதை சார்."

"மூலத்துல இல்லியே."

"தரையில இருக்கு சார்."

"சுரண்டிடு."

"நீங்க வேணா சுரண்டிக்குங்க சார். நான் சுரண்ட மாட்டேன்."

பிளேடை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைத் தொடவில்லை. தாள் அந்தக் கோட்டோடேயே போனது. பத்து நாளில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, மாதக் கடைசியில் கடலோரம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மாறுதலும் வந்தது. ஆனால் கோடு இருந்ததால் சாலைக்காரர்கள் எங்களுக்கு முறைப்படி அறிவிப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. உடைமையாளர் கையெழுத்துப் போட்ட தாளோடு நாங்கள் போய் நின்றோம். சாலையை நிறுத்த முடியவில்லை. எஞ்சினை வெட்ட விடவில்லை. அதை ஒரு நீளமான லாரியில் ஏற்றி வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றுவதற்கு முன் அடுப்பை அணைக்கச் சொன்னபோது, "தானா அவியட்டும்" என்று அஞ்சம்மா அக்கா உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர்கள் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள்.

இப்போது மில் இல்லை. கேட் இல்லை, சாம்பல் மேடு இல்லை. அவிக்கிற நெல்லின் வாசனை அந்தப் பக்கத்திலேயே இல்லை. அனிபா அண்ணன் போய்விட்டார். கடைசிவரை குவைத்துக்குத் திரும்பவில்லை. சவரிமுத்து அண்ணனும் போய்விட்டார். அஞ்சம்மா அக்கா மகள் வீட்டில் இருக்கிறார். மகள் சென்னையில் பொறியாளர். போனில் பேசினால் காது கேட்பதில்லை, ஆனாலும் பேசுகிறோம்.

போன மாதம் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறவழிச்சாலை வழியாகப் போனேன். அந்த இடம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். டிரைவர் இருபக்கமும் பார்த்தார். வயல், மின்கம்பம், பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறுபாலம்.

"இங்க என்னங்கம்மா இருக்கு?"

"ரயில் ஓடுச்சு. நாங்க ஓட்டுனோம்."

"இங்க ஏதுங்க ரயிலு? நான் இந்த ஊருதான்."

அவர் பிறப்பதற்கு முந்தின கதையாக இருக்கலாம். பிறந்து தவழ்ந்த காலமாகவும் இருக்கலாம். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. நான் இறங்கி, எதிரே வருகிற வண்டிகளை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே, முன்வாசல் இருந்த இடத்தின் வழியாக நடு ரோட்டில் அந்தப் பக்கம் அறுநூறு அடி நடந்தேன். பிறகு இந்தப் பக்கம் நடந்தேன். டிரைவர் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குத் தாமதமாகத்தான் போனோம்.